நித்தியகல்யாணியும் வெள்ளணுக்களும்

நித்தியகல்யாணிச் செடியைப் பார்க்காதவர்கள் நம் பக்கம் இருக்க முடியாது. ஐந்து இதழ், இளஞ்சிவப்பு அல்லது வெள்ளை நிறம், நடுவில் பொட்டு வைத்தது போல ஒரு புள்ளி. தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டாம், உரம் வேண்டாம், ஆடு மாடு வாய் வைக்காது. வருடம் பூராவும் பூத்துக்கொண்டே இருக்கும், அதனால் அந்தப் பெயர். யாரும் கவனிக்காத இடத்திலும் தானே வளர்ந்து நிற்பதால் சில ஊர்களில் சுடுகாட்டு மல்லி என்றும் சொல்வார்கள். இலங்கைத் தமிழர்களுக்கு அது பட்டிப்பூ. கல்யாணத்தையும் சுடுகாட்டையும் ஒரே செடியின் பெயரில் வைத்தவன் யாரோ, நல்ல ரசனைக்காரன்.

இந்தச் செடியிலிருந்து புற்றுநோய்க்கு மருந்து எடுக்கிறார்கள் என்பதும் பலருக்குத் தெரியும். பள்ளிப் பாடப் புத்தகத்திலேயே வந்துவிட்டது. ஆனால் எப்படி எடுத்தார்கள், யார் எடுத்தார்கள், எதைத் தேடிப் போய் இது கிடைத்தது என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. 32 வருடம் ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து ரத்த அணுக்களை எண்ணியே ரிடையர் ஆனவன் நான். இந்தக் கதையில் என் தொழிலுக்கு ஒரு முக்கிய இடம் இருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

செடி நம்முடையது அல்ல. சொந்த ஊர் மடகாஸ்கர் தீவு. அழகுக்காகவும் எளிதாக வளர்வதற்காகவும் கப்பலேறி உலகத்தின் வெப்ப நாடுகள் எல்லாவற்றுக்கும் போய்விட்டது. லின்னேயஸ் 1759இல் வின்கா ரோசியா என்று பெயர் வைத்தார். பிறகு தாவரவியலாளர்கள் அதை வின்கா குடும்பத்துப் பங்காளிகளிடமிருந்து பிரித்து, காதராந்தஸ் ரோசியஸ் என்று மாற்றினார்கள். மருந்துகளின் பெயரில் மட்டும் பழைய 'வின்' ஒட்டிக்கொண்டது: வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின்.

போன இடத்திலெல்லாம் இந்தச் செடிக்கு ஒரு கைவைத்தியம் முளைத்தது. அதில் பல நாட்டிலும் பொதுவாக இருந்தது சர்க்கரை நோய். ஜமைக்காவில் இலையைக் கொதிக்க வைத்துத் தேநீர் போலக் குடித்தார்கள். பிலிப்பைன்ஸிலும் அதே நம்பிக்கை. நம் ஊரிலும் பூவை வெந்நீரில் போட்டுக் குடித்தவர்களை எனக்குத் தெரியும். புற்றுநோய்க்கு இது ஆகும் என்பது கனடாக்காரர்களை ஆராய்ச்சிக்கு இழுத்த காரணம் இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி கனடாவுக்குப் போவோம். 1921 கோடை. டொரோண்டோ பல்கலைக்கழகத்தில் பாண்டிங் என்ற இளம் மருத்துவர், கணையத்திலிருந்து சர்க்கரை நோய்க்கு மருந்து எடுக்கலாம் என்று ஒரு யோசனையோடு வந்து நிற்கிறார். அவருக்கு உதவியாக இரண்டு மாணவர்கள். ஒருவர் சார்லஸ் பெஸ்ட், இன்னொருவர் கிளார்க் நோபிள். முதலில் யார் வேலை செய்வது என்று இருவரும் காசு சுண்டிப் பார்த்தார்கள். பெஸ்ட் ஜெயித்தார். அந்தக் கோடை முழுவதும் அவரே தொடர்ந்தார். இன்சுலின் கிடைத்தது. பாண்டிங், பெஸ்ட் என்ற இரண்டு பெயர்களும் உலகம் முழுக்கப் பரவின. கிளார்க் நோபிளின் பெயர் அடிக்குறிப்புக்குப் போய்விட்டது. ஒரு காசு தலைகீழாக விழுந்திருந்தால் பாடப் புத்தகத்தில் வேறு பெயர் இருந்திருக்கும்.

கிளார்க் நோபிள் டாக்டராகத் தொழில் செய்தார். 1952இல் அவருக்கு ஜமைக்காவிலிருந்து ஒரு தபால் வந்தது. உள்ளே நித்தியகல்யாணி இலைகள், சுமார் 25. இன்சுலின் கிடைக்காதபோது எங்கள் ஊரில் சர்க்கரை நோய்க்கு இந்த இலையைக் கொதிக்க வைத்துக் குடிக்கிறார்கள், இதில் ஏதாவது இருக்கிறதா பாருங்கள் என்பது சேதி. அவர் அதைத் தன் தம்பி ராபர்ட் நோபிளிடம் கொடுத்தார்.

ராபர்ட் நோபிள் ஆராய்ச்சியாளர். மேற்கு ஒண்டாரியோ பல்கலைக்கழகத்தின் மருத்துவ ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. அந்த ஊருக்கும் லண்டன் என்றுதான் பெயர். (படிக்கும்போது நான் முதலில் இங்கிலாந்து லண்டன் என்றே நினைத்துப் போய்க்கொண்டிருந்தேன்.) அந்த ஆராய்ச்சிக்கூடத்தின் தலைவர் காலிப். பாண்டிங், பெஸ்ட் எடுத்த அழுக்கான கணையச் சாற்றைச் சுத்தப்படுத்தி மனிதனுக்குப் போடும்படி ஆக்கியவர் இவரே. ஆகச் சர்க்கரை நோய்க்கு ஒரு இலை என்று வந்த தபால், போய்ச் சேர வேண்டிய இடத்துக்குத்தான் சேர்ந்தது.

ராபர்ட் நோபிள் இலையைக் கொதிக்க வைத்து அந்தச் சாற்றை விலங்குகளுக்கு வாய் வழியாகக் கொடுத்துப் பார்த்தார். ரத்தச் சர்க்கரையில் ஒரு மாற்றமும் இல்லை. பெரும்பாலான ஆராய்ச்சிக்கூடங்களில் கதை இந்த இடத்தில் முடிந்திருக்கும். 'பலன் இல்லை' என்று நோட்டில் எழுதி, மிச்ச இலையைக் குப்பையில் போட்டிருப்பார்கள். அவர் அதே சாற்றை எலிகளுக்கு ஊசியாகவும் போட்டார். அப்போதும் சர்க்கரை இறங்கவில்லை. ஆனால் எலிகள் சில நாட்களில் செத்துப் போயின. விஷம் தாங்காமல் செத்தது போலத் தெரியவில்லை. அறுத்துப் பார்த்தால் உள்ளே சீழ்க்கட்டிகள். சூடோமோனாஸ் என்ற கிருமி உடம்பெங்கும் பரவியிருந்தது.

அது ஒன்றும் அபூர்வமான கிருமி இல்லை. தண்ணீரில், தொட்டியில், எங்கும் இருப்பது. நல்ல உடம்புக்குள் நுழைந்தால் வெள்ளணுக்கள் அதை அடக்கிவிடும். அப்படியானால் இந்த எலிகளின் வெள்ளணுக்களுக்கு என்ன ஆயிற்று? எண்ணிப் பார்த்தார்கள். தரைமட்டத்துக்கு இறங்கியிருந்தன. எலும்பு மஜ்ஜை வறண்டு கிடந்தது.

வெள்ளணுவை எண்ணுவது எப்படி என்று தெரியாதவர்களுக்காக: விரலில் (எலியென்றால் வாலில்) ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, டர்க் திரவத்தில் 20 மடங்கு கலக்க வேண்டும். அதிலுள்ள அசிடிக் அமிலம் சிவப்பணுக்களை உடைத்துவிடும், வெள்ளணுக்களின் உட்கரு மட்டும் ஊதா நிறத்தில் தெரியும். அதை நியூபாவர் சேம்பர் என்ற கட்டம் போட்ட கண்ணாடித் தட்டில் விட்டு, நான்கு மூலைக் கட்டங்களிலும் உள்ளவற்றை எண்ணி, 50ஆல் பெருக்கினால் ஒரு கன மில்லிமீட்டரில் எத்தனை என்று வந்துவிடும். மனிதனுக்கு 4,000 முதல் 11,000 வரை சாதாரணம். இப்போது மெஷின் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுகிறது. நாங்கள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பிப்பெட்டை வாயால் உறிஞ்சி, கழுத்து வலிக்க உட்கார்ந்து, கட்டம் கட்டமாக எண்ணினோம். கோட்டின் மேல் உட்கார்ந்திருக்கும் அணுவை எந்தக் கட்டத்தில் சேர்ப்பது என்பதற்குக் கூட விதி உண்டு. மேல்கோடு, இடக்கோடு சேர்த்தி, மற்றவை தள்ளுபடி. ஊருக்கு ஊர் இந்த விதி மாறும், ஒருவரே மாற்றக் கூடாது, அவ்வளவே.

நோபிளின் ஆராய்ச்சிக்கூடத்திலும் இதே மாதிரியான எண்ணிக்கைதான் வழிகாட்டியது. சர்க்கரை நோய்க்கு மருந்து கிடைக்காவிட்டால் என்ன, வெள்ளணுவைக் குறைக்கும் ஏதோ ஒன்று இலையில் இருக்கிறது. வெள்ளணு கட்டுமீறிப் பெருகும் நோய்க்குப் பெயர் லுகேமியா, ரத்தப் புற்றுநோய். இரண்டையும் சேர்த்து நினைத்துப் பார்க்க மேதை தேவையில்லை. ஆனால் செத்த எலி ஏன் செத்தது என்று பார்க்கும் பழக்கம் தேவை.

1954இல் சார்லஸ் பீர் என்ற வேதியியலாளர் அங்கே வந்து சேர்ந்தார். இங்கிலாந்துக்காரர். ஒரு செடியின் இலையிலிருந்து ஒரு சேர்மத்தைத் தனியாகப் பிரிப்பது எவ்வளவு பெரிய பாடு என்பது வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. இந்த இலையில் மட்டும் ஆல்கலாய்டு வகை 100க்கு மேல் இருப்பதாக இன்று தெரிகிறது. அதோடு பச்சையம், மெழுகு, பிசின், டானின், சர்க்கரை. எல்லாம் கலந்த பச்சைக் கஷாயம். அதில் எந்தத் துளி வெள்ளணுவைக் குறைக்கிறது?

வழி ஒன்றுதான். சாற்றை ஏதாவது ஒரு முறையில் இரண்டாகப் பிரி. இரண்டையும் தனித்தனியாக எலிக்குப் போடு. எந்தப் பாதியில் வெள்ளணு குறைகிறதோ அதை வைத்துக்கொள், மற்றதை விடு. வைத்துக்கொண்டதை மறுபடி பிரி. ஆல்கலாய்டுகள் காரத்தன்மை உள்ளவை. அமிலத் தண்ணீரில் கரையும், காரத்தைச் சேர்த்தால் தண்ணீரை விட்டு எண்ணெய்த்தன்மையான கரைப்பானுக்குத் தாவும். இதை வைத்து முதல் சலிப்பு. பிறகு அலுமினா நிரப்பிய கண்ணாடிக் குழாயில் மேலே ஊற்றிக் கீழே சொட்டுச் சொட்டாகப் பிடிப்பது. ஒவ்வொரு குப்பியும் மறுபடி எலிக்கு, எலியின் ரத்தம் மறுபடி மைக்ராஸ்கோப்புக்கு. பிரிப்பவர் ஒரு அறையில், எண்ணுபவர் இன்னொரு அறையில். எண்ணுபவர் சொல்லாமல் பிரிப்பவருக்கு அடுத்த அடி தெரியாது. இலைக்காகச் செடியைக் கனடாக் குளிரில் கண்ணாடி வீட்டில் வளர்க்க வேண்டியிருந்தது.

இப்படிப் போய்க் கடைசியில் ஒரு படிகம் கிடைத்தது. வின்கலுகோபிளாஸ்டின் என்று பெயர் வைத்தார்கள், பிறகு சுருக்கி வின்பிளாஸ்டின். 1958இல் நியூயார்க் அறிவியல் அகாதமியின் கூட்டத்தில் நோபிள், பீர், அவர்களோடு வேலை செய்த கட்ஸ் ஆகியோரின் கட்டுரை வாசிக்கப்பட்டது. 'தற்செயலாகக் கண்டது' என்ற பொருள் வரும்படியே தலைப்பு வைத்தார்கள். இத்தனை எலிக்கு இத்தனை ஆயிரம் அணுவை எண்ணிவிட்டுத் தற்செயல் என்கிறார்களே என்று எனக்கு இன்றும் கொஞ்சம் மனக்குறை.

அதே சமயம் அமெரிக்காவில், இண்டியானாபோலிஸில், எலை லில்லி கம்பெனியில் கோர்டன் ஸ்வொபோடா என்பவரும் இதே செடியைக் கையில் எடுத்திருந்தார். அவரைத் தூண்டியதும் சர்க்கரை நோய்க் கைவைத்தியமே. ஆனால் அந்தக் கம்பெனியில் ஒரு ஏற்பாடு இருந்தது. வருகிற எந்தச் செடிச் சாற்றையும் லுகேமியா உள்ள எலிகளுக்குப் போட்டுப் பார்ப்பார்கள். பி-1534 என்று ஒரு வகை எலி லுகேமியா. இர்விங் ஜான்சன் என்பவரின் பொறுப்பு அது. நித்தியகல்யாணிச் சாறு பெற்ற எலிகள் நீண்ட நாள் உயிரோடிருந்தன. சில எலிகளுக்கு நோயே போய்விட்டது. இரண்டு குழுக்களும் ஒருவரையொருவர் தெரியாமல் ஒரே செடியை இரண்டு பக்கமிருந்து தோண்டியிருக்கிறார்கள் என்பது அப்போதே தெரிய வந்தது. சண்டை போடாமல் சேர்ந்து வேலை செய்தார்கள். விஞ்ஞானத்தில் இது எல்லா நேரமும் நடப்பதில்லை.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. ஸ்வொபோடாவின் சில குப்பிகள் எலிகளை அடியோடு குணப்படுத்தின. அந்த அளவுக்கு வின்பிளாஸ்டினோ, அதுவரை பிரித்திருந்த மற்ற ஆல்கலாய்டுகளோ குணப்படுத்தவில்லை. அப்படியென்றால் அந்தக் குப்பிக்குள் இன்னும் யாரோ ஒளிந்திருக்கிறார்கள். தோண்டித் தோண்டி 1961இல் அவர் பிரித்தெடுத்தது வின்கிரிஸ்டின். வின்பிளாஸ்டினை விட இலையில் மிகக் குறைவாக இருப்பது.

இரண்டுக்கும் வேதியியலில் என்ன வித்தியாசம் என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். பெரிய மூலக்கூறு, இரண்டு பாதிகளைச் சேர்த்துத் தைத்தது போல. எல்லாம் ஒன்றே. ஓர் இடத்தில் மட்டும் வின்பிளாஸ்டினில் மெதில் என்ற சிறு தொகுதி, வின்கிரிஸ்டினில் அதே இடத்தில் ஃபார்மில். சட்டையில் ஒரு பொத்தானை மாற்றியது போன்ற மாற்றம். ஆனால் உடம்பில் நடத்தை வேறு. வின்பிளாஸ்டின் எலும்பு மஜ்ஜையைத் தாக்கும், வெள்ளணு சரியும். வின்கிரிஸ்டின் மஜ்ஜையைப் பெரும்பாலும் விட்டுவிடும், நரம்பைத் தாக்கும். விரல் நுனி மரத்துப் போகும், மலச்சிக்கல் வரும், தாடை வலிக்கும், சிலருக்குப் பாதம் தொங்கும். குழந்தைகளின் லுகேமியாவில் கெட்டிக்காரன் வின்கிரிஸ்டினே.

இதை வைத்து நான் பல நாள் யோசித்ததுண்டு. ஒரே இலையிடம் மூன்று கேள்வி கேட்டார்கள். சர்க்கரை இறங்குமா என்று கேட்டதற்குப் பதில் இல்லை. வெள்ளணு குறையுமா என்று கேட்டதற்கு வின்பிளாஸ்டின் பதிலாக வந்தது. லுகேமியா எலி பிழைக்குமா என்று கேட்டதற்கு வின்கிரிஸ்டின் வந்தது. வெள்ளணுவை மட்டுமே எண்ணிக்கொண்டிருந்திருந்தால், மஜ்ஜையை அதிகம் தொடாத வின்கிரிஸ்டின் அவ்வளவு எளிதாக அகப்பட்டிருக்காது.

இந்த மருந்துகள் செல்லுக்குள் என்ன செய்கின்றன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது, குரோமோசோம்களை இரண்டு பக்கமும் இழுக்க இழை போன்ற நுண்குழல்கள் உருவாகும். டியூபுலின் என்ற புரதத்தைச் செங்கல் போல அடுக்கிக் கட்டுவது அந்தக் குழல். நித்தியகல்யாணி மருந்து டியூபுலினைப் பிடித்துக்கொண்டு அடுக்க விடாது. இழை இல்லை, குரோமோசோம்கள் நடுவழியில் நிற்கும், செல் சாகும். வேகமாகப் பிரியும் செல்லுக்கே பாதிப்பு அதிகம். புற்றுநோய்ச் செல்லும் அப்படி, மஜ்ஜைச் செல்லும் அப்படி. எலிகள் ஏன் சீழ்ப்பிடித்துச் செத்தன என்பதற்கும் விடை இதில் இருக்கிறது. இந்த மூலக்கூறின் முழு வடிவத்தையும் எக்ஸ்ரே வழியாக 1965இல் உறுதிசெய்தவர்களில் ஒருவர் லிப்ஸ்கோம்ப். வேறு வேலைக்காகப் பின்னாளில் நோபல் பரிசு வாங்கியவர்.

வின்கிரிஸ்டினுக்கு அமெரிக்காவில் 1963இல் அனுமதி கிடைத்தது. அதற்கு முன்பு குழந்தைகளுக்கு லுகேமியா என்றால் வாரக் கணக்கு, மாதக் கணக்கு. 1948இல் பாஸ்டனில் ஃபார்பர் அமினோப்டெரின் கொடுத்துத் தற்காலிகமாக நோயை இறக்கிக் காட்டினார். (அந்த மருந்தைச் செய்து கொடுத்தது லெடர்லியில் எல்லாப்ரகட சுப்பாராவின் குழு. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அவரைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.) இறங்கிய நோய் திரும்பி வந்தது. ஒரே மருந்துக்குச் செல்கள் பழகிவிடுகின்றன. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் ஃப்ரை, ஃப்ரைராய்க் என்ற இருவரும் 1960களின் தொடக்கத்தில் நான்கு மருந்துகளை ஒன்றாகக் கொடுத்தார்கள்: வின்கிரிஸ்டின், மெதோட்ரெக்சேட், மெர்காப்டோபியூரின், ப்ரெட்னிசோன். குழந்தையைக் கொல்லப் பார்க்கிறீர்கள் என்று சக டாக்டர்களே திட்டினார்கள். ஆனால் சில குழந்தைகள் பிழைத்தார்கள், வளர்ந்தார்கள். இன்று வசதியான நாடுகளில் இந்த வகை லுகேமியாவில் 100 குழந்தைகளில் ஏறத்தாழ 90 பேர் பிழைக்கிறார்கள். பல மருந்துகள் சேர்ந்து செய்தது இது. ஆனால் சிகிச்சையின் முதல் நாளிலிருந்தே நித்தியகல்யாணி உடன் இருக்கிறது.

நம் நாட்டில் இது மெதுவாக வந்தது. 1984 முதல் அடையாறு புற்றுநோய் நிலையம், மும்பை டாடா மருத்துவமனை, டெல்லி எய்ம்ஸ் மூன்றும் ஒரே சிகிச்சை முறையைக் கைக்கொண்டன. அதற்கு எம்சிபி 841 என்று பெயர். அதற்கு முன் நோய் திரும்பாமல் பிழைத்தவர்கள் 20 சதவீதத்துக்கும் கீழே. அதன் பிறகு 40 முதல் 60 சதவீதம்.

எங்கள் ஆய்வகத்துக்குக் காலையில் வரும் வரிசையில் மொட்டைத் தலைக் குழந்தைகள் இருப்பார்கள். பெரிய ஊரில் சிகிச்சை, இடையில் ரத்தப் பரிசோதனைக்கு மட்டும் எங்களிடம். அம்மாக்கள் கேட்கும் கேள்வி ஒன்றே. "சார், கவுண்ட் எவ்வளவு வந்திருக்கு?" அந்த எண்ணைப் பொறுத்தே அடுத்த கீமோ போடுவதா, தள்ளிப்போடுவதா என்று அங்கே முடிவாகும். படிப்பறிவில்லாத பெண்கள் கூட 'நியூட்ரோஃபில் ஆயிரத்துக்கு மேல இருக்கா சார்' என்று கேட்பார்கள். நோபிள் எலியிடம் எண்ணிய அதே எண்ணிக்கை. மருந்தைக் கண்டுபிடிக்க அங்கே எண்ணினார்கள், மருந்தைத் தாங்குமா என்று பார்க்க இங்கே எண்ணினோம்.

அதே வரிசையில் ஒருமுறை பக்கத்துக் கிராமத்துப் பெரியவர் ஒருவர் வந்தார். குடலில் கட்டி, ஆபரேஷன் முடிந்தவர். யாரோ சொன்னார்கள் என்று மூன்று வாரமாக நித்தியகல்யாணி இலையைக் கைப்பிடி கைப்பிடியாகக் கொதிக்க வைத்துக் குடித்திருக்கிறார். "இதுலருந்துதான தம்பி இங்கிலீஷ் மருந்தே எடுக்கான்?" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. அவருடைய வெள்ளணு 1,800 இருந்தது. கஷாயம்தான் காரணமா, வேறு ஏதாவதா என்று என்னால் சொல்ல முடியாது, டாக்டரிடம் அனுப்பினேன். நிறுத்தச் சொன்னார்கள். அந்தத் தடவை மட்டுமே அவரைப் பார்த்தேன்.

அவருக்கு அன்று வரிசையில் நின்றபடி சொல்ல முடியாததை இங்கே சொல்லலாம். வின்கிரிஸ்டின் பெரியவர்களுக்கு வாரம் ஒருமுறை, பொதுவாக அதிகபட்சம் 2 மில்லிகிராம். ஒரு சிட்டிகை உப்பில் நூற்றில் ஒரு பங்கு கூட இல்லை. நரம்பு வழியாக மட்டுமே போட வேண்டும், நரம்புக்கு வெளியே கசிந்தால் சதை வெந்துவிடும், தவறி முதுகுத்தண்டில் போட்டால் மரணம். மருந்துக்கும் விஷத்துக்கும் நடுவில் அவ்வளவு மெல்லிய கோடு. ஒரு கைப்பிடி இலையில் எவ்வளவு இருக்கிறது, கொதித்ததில் எவ்வளவு இறங்கியது, குடலில் எவ்வளவு ஏறியது, கூட வந்த 100 ஆல்கலாய்டு என்ன செய்தது, எதுவும் யாருக்கும் தெரியாது. பீர் போன்றவர்கள் ஆண்டுக்கணக்கில் குப்பி குப்பியாகப் பிரித்தது இந்தக் கணக்கு தெரிய வேண்டும் என்பதற்காகவே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாதம் ஒருமுறையாவது என் வாட்ஸாப்புக்கு ஒரு செய்தி வருகிறது. 'இந்த இலை புற்றுநோய்ச் செல்களை அழிக்கிறது, ஆராய்ச்சியில் நிரூபணம்.' சீத்தா இலை, முருங்கை, மஞ்சள், கருஞ்சீரகம், வாரத்துக்கு ஒன்று. பல சமயம் செய்தி பொய்யே இல்லை. யாரோ ஒரு ஆராய்ச்சி மாணவர் உண்மையாகவே செய்து பார்த்திருப்பார். தட்டில் வளர்த்த புற்றுநோய்ச் செல்லின் மேல் சாற்றை ஊற்றி, பாதிச் செல்கள் சாக எவ்வளவு தேவை என்று கணக்கிட்டிருப்பார். நல்ல வேலை, ஆனால் முதல் படி. தட்டில் இருக்கும் செல்லுக்குக் கல்லீரல் இல்லை, சிறுநீரகம் இல்லை, காக்க வேண்டிய மஜ்ஜையும் இல்லை. பினாயிலை ஊற்றினாலும் சாகும். பக்கத்துத் தட்டில் நல்ல செல்லை வைத்து அதே அளவை ஊற்றினார்களா என்று செய்தியில் தேடிப் பாருங்கள், பெரும்பாலும் இருக்காது.

அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1960 முதல் 1982 வரை ஏறத்தாழ 35,000 தாவர மாதிரிகளைச் சோதித்தது. அதில் மருந்துக் கடை வரை வந்த வழிகள் ஒரு கை விரலுக்குள் அடங்கும். பெரிய வெற்றி டாக்சால். பசிபிக் யூ என்ற மரத்தின் பட்டையை 1962இல் வாஷிங்டன் மாநிலக் காட்டில் சேகரித்தார்கள். சாறு தட்டில் செல்லைக் கொன்றது 1964இல். வால், வானி என்ற இரு வேதியியலாளர்கள் (வானி நம் நாட்டிலிருந்து போனவர்) அதன் வடிவத்தை வெளியிட்டது 1971இல். நித்தியகல்யாணி நுண்குழலைக் கட்ட விடாது என்றால், இது கட்டியதைக் கலைக்க விடாது என்று சூசன் ஹார்விட்ஸ் கண்டது 1979இல். அனுமதி கிடைத்தது 1992 கடைசியில். பட்டையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு 30 வருடம். அதுவும் ஜெயித்தவனின் கதை.

நித்தியகல்யாணிக்குத் திரும்பினால், நம் தெற்கத்தி மாவட்டங்களுக்கு இதில் நேரடிப் பங்கு உண்டு. திருநெல்வேலி, தூத்துக்குடி, விருதுநகர், ராமநாதபுரம் பக்கத்து மானாவாரி நிலங்களில் இதைப் பயிராகவே போடுகிறார்கள். மழை பொய்த்தாலும் நிற்கும், ஆடு மேயாது, வேலி வேண்டாம். இலையை இரண்டு தடவை உருவிவிட்டு, வருடக் கடைசியில் செடியை வேரோடு பிடுங்குவார்கள். வேர் வேறு கணக்கு, அதில் அஜ்மலிசின் என்ற ஆல்கலாய்டு, ரத்த ஓட்டத்துக்கான மருந்துக்குப் போகும். காய்ந்த இலை மூட்டை மூட்டையாக வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குப் போனது. நம் நாட்டிலேயே மருந்தை எடுக்க சிப்லா கம்பெனியும் புனே தேசிய வேதியியல் ஆய்வகமும் சேர்ந்து 1980களில் வழி கண்டன. ஒரு கிராம் மருந்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ இலை வேண்டும். மூட்டையை எடை போட்டு விற்றவருக்கு அது எங்கே போகிறது என்று தெரிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. வியாபாரி 'மருந்துக்கு' என்று மட்டும் சொல்லியிருப்பார்.

மடகாஸ்கருக்கு இதில் ஒன்றும் கிடைக்கவில்லை என்று ஒரு பழைய வழக்கு உண்டு. நியாயமான வழக்கு. ஆனால் அந்தத் தீவில் மட்டும் கேட்டு முடியாது. தபாலில் வந்த இலை ஜமைக்காவுடையது. அங்கே அதைக் குடித்துப் பார்த்து, டாக்டருக்கு எழுதச் சொன்ன ஏழைகளின் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை. செடி வளம் அந்தந்த நாட்டுக்குச் சொந்தம் என்று உலக ஒப்பந்தம் வந்ததே 1992இல். நம் சட்டம் 2002இல். அதற்குள் காப்புரிமைக் காலமே முடிந்து போயிருந்தது. நோபிளையும் பீரையும் கனடாவின் மருத்துவப் புகழ்க்கூடத்தில் சேர்த்தது 1997இல். நோபிள் அதற்கு ஏழு வருடம் முன்பே காலமாகிவிட்டார்.

காப்புரிமை முடிந்த மலிவு மருந்துக்கு வேறொரு கஷ்டம் வருகிறது. லாபம் இல்லையென்று கம்பெனிகள் ஒவ்வொன்றாக விலகும். 2019இல் அமெரிக்காவிலேயே வின்கிரிஸ்டின் தட்டுப்பாடு வந்தது. தயாரித்த இரண்டு கம்பெனிகளில் ஒன்று நிறுத்திவிட்டது, மற்றது சமாளிக்க முடியாமல் திணறியது. குழந்தைப் புற்றுநோய் டாக்டர்கள் யாருக்கு ஊசி, யாருக்கு இல்லை என்று பட்டியல் போட வேண்டிய நிலை. 2022இல் டென்மார்க்கிலும் கலிபோர்னியாவிலும் உள்ள ஆராய்ச்சியாளர்கள் சேர்ந்து, ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட்டுக்குள் செடியின் மரபணுக்களைப் புகுத்தி, வின்பிளாஸ்டினின் இரண்டு பாதிகளையும் அதற்குள்ளேயே செய்ய வைத்தார்கள். இரண்டையும் தைக்கும் வேலையை மட்டும் வெளியே செய்தார்கள். கிடைத்த அளவு மிகக் கொஞ்சம். அது தொழிற்சாலை அளவுக்கு வளரும் வரை ராமநாதபுரம் பக்கத்துக் கரிசலில் இலை உருவிக்கொண்டுதான் இருப்பார்கள்.